எப்காட்டா, கலிபோர்னியா அட்வெஞ்சரா? நண்பர்களோடு போக எந்த உணவுத் திருவிழா

அமெரிக்கத் தீம் பார்க்குகளின் உணவு, ஒயின் திருவிழாக்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எந்தக் கடையில் எது ருசி என்பதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு அது சரி. நாலைந்து பேராகப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அங்கே காசு எப்படி வாங்குகிறார்கள் என்பதை. தட்டுக்குத் தட்டு காசு கொடுக்கும் இடம் ஒரு வகை. கூப்பன்களை மொத்தமாக வாங்கிக் கிழித்துக் கொடுக்கும் இடம் இன்னொரு வகை. கழுத்தில் தொங்கும் அட்டையில் கணக்கு வைத்து உணவோ மதுவோ எதை வேண்டுமானாலும் எடுக்கும் இடம் மூன்றாவது வகை. எவ்வளவு நேரம் வரிசையில் நிற்போம், யார் எவ்வளவு குடிப்பார்கள், கடைசியில் யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

போட்டியில் முன்னால் நிற்பவை இரண்டு. புளோரிடாவில் ஆர்லாண்டோ அருகே வால்ட் டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பார்க். கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்டுக்கு எதிர்வாசலில் இருக்கும் டிஸ்னி கலிபோர்னியா அட்வெஞ்சர். எப்காட் 1982-இல் திறந்தது. அதன் உணவுத் திருவிழா 1995-இலிருந்து நடக்கிறது. கலிபோர்னியா அட்வெஞ்சர் 2001-இல் திறந்தது. அங்கே திருவிழா 2006-இல் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் நின்று, 2016-இல் திரும்ப வந்தது. இரண்டிலும் திருவிழாவுக்கென்று தனி நுழைவுச்சீட்டு கிடையாது. பார்க் டிக்கெட் எடுத்தால் போதும்; சாப்பாட்டுக் காசு மட்டும் தனி.

எப்போது போவது

தேதிகள் மோதுவதில்லை. எப்காட் திருவிழா ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் பிற்பகுதி வரை ஓடும். 2025-இல் ஆகஸ்ட் 28 முதல் நவம்பர் 22 வரை. கலிபோர்னியா திருவிழா வசந்தகாலத்தில் வரும். 2025-இல் பிப்ரவரி 28 முதல் ஏப்ரல் 21 வரை.

வெயில் விஷயத்தில் கலிபோர்னியா வெகு சுலபமாக ஜெயிக்கிறது. மார்ச்சில் அனஹைமின் பகல் இதமாக இருக்கும், இரவில் ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும், அவ்வளவுதான். ஆர்லாண்டோவின் செப்டம்பர் சென்னையின் மே மாதத்தைப் போலப் புழுங்கும்; போதாக்குறைக்குப் பிற்பகலில் இடியோடு மழை வரும். அது புயல் காலமும்கூட (அதிகாரபூர்வக் கணக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை). எப்காட்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை உள்ள நாள்களைப் பிடிப்பது நல்லது. ஆகஸ்டிலோ செப்டம்பரிலோதான் விடுமுறை கிடைக்கிறது என்றால், பிற்பகல் 2 முதல் 5 மணி வரை கட்டடத்துக்குள் இருக்கும்படி திட்டம் போடுங்கள். ‘தி லேண்ட்’ அரங்குக்குள் குளிர்சாதனமும் மேசையும் உண்டு. முன்பகுதியில் ‘கனெக்ஷன்ஸ்’ உணவகமும் அப்படியே.

இரண்டு ஊரிலும் வார இறுதி உள்ளூர்க்காரர்களுடையது. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை, ஆண்டுச்சீட்டு வைத்திருக்கும் உள்ளூர்க் கூட்டம் சாப்பிடவும் குடிக்கவும் மட்டுமே வந்து சேரும். செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைப் பிடித்தால் அதே கடையின் வரிசை பாதியாகக் குறைந்திருக்கும்.

டிக்கெட்டில் ஒரு வித்தியாசம் பலரைச் சிக்க வைக்கிறது. எப்காட்டுக்கு, தேதி குறித்த டிக்கெட் இருந்தால் 2024 ஜனவரியிலிருந்து தனி முன்பதிவு தேவையில்லை. அனஹைமில் டிக்கெட்டோடு அந்த நாளுக்குப் பார்க் முன்பதிவும் வேண்டும். ஆறு பேரில் ஒருவர் மட்டும் முன்பதிவை மறந்து, வாசலில் நிற்கும் நிலை வரக்கூடாது என்றால், ஒருவரே எல்லோருடைய டிக்கெட்டையும் தன் செயலியில் இணைத்து, முன்பதிவை ஒரே தடவையில் போட்டுவிட வேண்டும்.

எப்காட்: நடக்கவும் பகிரவும் தெரிந்த கூட்டத்துக்கு

எப்காட்டின் பின்பாதி ஒரு ஏரி. அதைச் சுற்றி மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன், கனடா எனப் பதினோரு நாட்டு அரங்குகள். முழுச் சுற்று ஏறக்குறைய 2 கிலோமீட்டர். திருவிழாக் கடைகள் இந்த அரங்குகளுக்கு இடையிலும், பார்க்கின் முன்பகுதியிலுமாக முப்பதுக்கு மேல் இருக்கும். கலிபோர்னியாவில் சுமார் பத்துதான். ஒரே நாளில் எப்காட்டின் எல்லாக் கடைகளையும் பார்க்க முடியாது, முயல்வதும் வீண்.

தட்டுகள் பெரும்பாலும் 5 முதல் 10 டாலர் வரை. அளவு மூன்று நான்கு வாய். இங்கேதான் பகிர்வதற்குக் கணக்குத் தேவைப்படுகிறது. நாலு பேர் ஒரு தட்டைப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு வாய் கிடைக்கும். ருசி பிடிபடுமுன் தீர்ந்துவிடும். ஆளுக்கொரு தட்டு வாங்கினால் ஆறாவது கடையில் வயிறும் பர்ஸும் நிரம்பிவிடும். நாலு பேருக்கு இரண்டு தட்டு என்பதுதான் சரியான அளவு. பன்னிரண்டு வகை, ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டு, சராசரி 8 டாலர் என்று வைத்தால் 192 டாலர். எப்காட் இருக்கும் ஆரஞ்சு கவுண்டியின் 6.5 சதவீத விற்பனை வரியைச் சேர்த்தால் 204 டாலர் 48 சென்ட், ஆளுக்கு 51 டாலர். இனிப்பும் சீஸும் திகட்டும் என்பதால் அவற்றில் மட்டும் நாலு பேருக்கு ஒரு தட்டு போதும். சூப்பைப் பகிர முடியாது. வேண்டுமென்பவர் தனியாக வாங்கிக்கொள்ளட்டும்.

எப்காட்டில் ஒவ்வொரு கடைக்கும் தனி வரிசை, தனிப் பில். நாலு பேரும் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்பதுதான் கூட்டங்கள் செய்யும் பெரிய பிழை. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கடைகளுக்கு ஆளுக்கொருவர், மேசை பிடிக்க ஒருவர், தண்ணீர் வாங்க ஒருவர் எனப் பிரிந்தால் ஒரு மணி நேரத்தில் நாலு கடை முடியும். சேர்ந்தே நின்றால் இரண்டுதான். உட்காரும் மேசைகள் குறைவு; குப்பைத்தொட்டிகள் பக்கத்தில் இருக்கும் உயர மேசைகளில் நின்று சாப்பிடப் பழகிக்கொள்ள வேண்டும். எட்டுப் பேர் வந்தால் நாலு நாலாகப் பிரிந்து எதிரெதிர் திசையில் சுற்றி, அமெரிக்க அரங்கில் சந்திப்பது நல்ல ஏற்பாடு. அது ஏரியின் நேர் எதிர்க்கரை. மாலை இசை நிகழ்ச்சி நடக்கும் ‘அமெரிக்கா கார்டன்ஸ்’ திறந்தவெளி அரங்கமும் அங்கேதான்.

காசுக்கு மிகச் சுலபமான வழி ஒரு பொதுப் பரிசு அட்டை. டிஸ்னி கிஃப்ட் கார்டில் காலையிலேயே ஆளுக்கு 60 டாலர் போட்டு, உணவு எல்லாவற்றுக்கும் அதையே நீட்டினால் இரவில் கணக்குப் பார்க்கும் வேலையே இல்லை. மதுவை அதிலிருந்து வாங்கக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். குடிக்காத ஒருவர் மற்றவர்களின் காக்டெய்லுக்குப் பங்கு கொடுத்துவிட்டு மனத்தாங்கலோடு வீடு திரும்புவது இந்த ஒரு வரியைப் பேசாததால் நடப்பது.

நாடுகளின் பகுதி வழக்கமாகக் காலை 11 மணிக்குத் திறக்கும். பார்க்கின் முன்பகுதி 9 மணிக்கே திறந்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் ரைடுகளை முடித்துவிட வேண்டும். குறிப்பாக, 2022-இல் வந்த ‘காஸ்மிக் ரீவைண்ட்’ ரோலர்கோஸ்டரின் பெட்டி ஓடும்போதே சுழலும். சீஸும் பீரும் உள்ளே போன பிறகு அதில் ஏறுவது வேண்டாத வேலை. 11 மணிக்கு ஏரிக்கரையில் முதல் ஆளாக நின்றால், முதல் ஒரு மணி நேரம் ஏறக்குறைய வரிசையே இருக்காது. கனடா கடையின் செடார் சீஸ் சூப்பும் காளான் சேர்த்த மாட்டிறைச்சியும் ஆண்டுதோறும் நீண்ட வரிசை கட்டுபவை. இவற்றுக்கு ஆசைப்படுகிறவர்கள் கனடா பக்கத்திலிருந்து சுற்றைத் தொடங்கட்டும். மற்றவர்கள் மெக்சிகோ பக்கமாகப் போனாலும் நஷ்டமில்லை.

பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் இடையே ‘இன்டர்நேஷனல் கேட்வே’ என்று ஒரு பின்வாசல் உண்டு. ‘ஸ்கைலைனர்’ கம்பிவட ஊர்தி அங்கேதான் வந்து நிற்கும். போர்டுவாக் பக்கத்து ஓட்டல்களிலிருந்து நடந்தும் வரலாம். இரவு கிளம்பும்போது முன்வாசலுக்கு நடப்பதைவிட இது வெகு அருகில். மின்னல் அடித்தால் ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள் என்பதை மனத்தில் வையுங்கள். மழை மேகம் திரளும்போது கடைசி நேரம் வரை உட்கார்ந்திருந்தால் பேருந்து வரிசையில் நனைய வேண்டிவரும்.

கலிபோர்னியா அட்வெஞ்சர்: கால் வலிக்காமல் நிறையச் சாப்பிட

இங்கே கடைகள் நாடு வாரியாகப் பிரியவில்லை. விளைபொருளை வைத்துப் பிரிந்திருக்கின்றன. பூண்டுக்கு ஒரு கடை, அவகாடோவுக்கு ஒன்று, பாதாமும் சீஸும் சேர்ந்த ஒன்று, கூனைப்பூவுக்கு (ஆர்டிசோக்) ஒன்று என வரும். எல்லாம் பார்க்கின் நடுப்பாதையை ஒட்டி, நிதானமாக நடந்தாலும் சில நிமிடத்தில் கடந்துவிடும் தூரத்துக்குள். வயதான பெற்றோரோ கைக்குழந்தையோ உடன் வரும் கூட்டத்துக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரிது, பலருக்குத் தெரியாதது. எந்தத் திருவிழாக் கடையின் கவுண்டரிலும் மற்றக் கடைகளின் உணவையும் சேர்த்து ஆர்டர் கொடுக்கலாம். வரிசை குறைவாக இருக்கும் ஏதாவதொரு கடைக்குப் போய், நாலு கடைக்கான ஆர்டரையும் ஒரே பில்லாகப் போட்டு, ரசீதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கடையின் உணவு வாங்கும் ஜன்னலுக்கும் நேராகப் போகலாம். நேரம் தின்பது ஆர்டர் வரிசைதான். வாங்கும் ஜன்னல் வேகமாக நகரும். எப்காட்டில் நாலு பேர் பிரிந்து செய்யும் வேலையை இங்கே ஒருவரே செய்துவிடுகிறார், மற்ற மூவரும் மேசையைப் பிடித்து உட்கார்ந்திருக்கலாம். ரசீதைத் தொலைத்தால் திண்டாட்டம் என்பதால், வாங்கியதும் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, ‘சிப் அண்ட் சேவர்’ பாஸ். கழுத்துப்பட்டையில் கூப்பன்கள் தொங்கும். ஒரு கூப்பனுக்கு ஒரு உணவோ, ஆல்கஹால் இல்லாத ஒரு பானமோ. எட்டுக் கூப்பன் பாஸ் 60 டாலரை ஒட்டி விற்றிருக்கிறது, அதாவது ஒரு கூப்பன் ஏழரை டாலர். இது லாபமா நஷ்டமா என்பது முழுக்க எதற்குக் கூப்பனைக் கிழிக்கிறோம் என்பதில் இருக்கிறது. 9 டாலர் இறைச்சித் தட்டுக்குக் கொடுத்தால் ஒன்றரை டாலர் மிச்சம். 6 டாலர் எலுமிச்சைப் பானத்துக்குக் கொடுத்தால் ஒன்றரை டாலர் போச்சு. போவதற்கு முன் அந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்து, கூப்பன் விலையைவிட அதிகமுள்ளவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இனிப்பையும் பானத்தையும் காசு கொடுத்தே வாங்குங்கள். அப்படிக் குறித்ததில் எட்டு தேறவில்லை என்றால் பாஸ் தேவையில்லை. சைவக் கூட்டத்துக்குப் பெரும்பாலும் தேறாது, ஏனென்றால் விலை கூடிய தட்டுகள் இறைச்சியும் மீனும்தான்.

நாலு பேருக்கு நாலு பாஸ் வாங்குவது வீண்செலவு. இரண்டு எட்டுக் கூப்பன் பாஸ் வாங்கினால் பதினாறு தட்டு. நாலு பேர் ஒரு மதியமும் மாலையும் சாப்பிட அது தாராளம். அன்றே தீர்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை, திருவிழா முடியும்வரை செல்லும். இரண்டு நாள் தங்குகிறவர்கள் அவசரப்பட்டுத் தின்று தீர்க்காதீர்கள்.

ருசியில் எது மேல்? சமையலின் சீர்மையில் கலிபோர்னியா ஒரு படி மேலே நிற்கிறது. கடை குறைவு, காய்கறி பக்கத்து ஊரில் விளைவது, தட்டு சூடாக வருகிறது. எப்காட்டில் ஏற்ற இறக்கம் அதிகம். ஒரு கடையில் அருமையாக இருக்கும், அடுத்ததில் ஆறிப்போய் வரும். ஆனால் ஒரே நடையில் பிரேசிலின் சீஸ் உருண்டை ரொட்டி, கிரேக்கத்தின் கீரைப் பணியாரம், ஜெர்மனியின் சாசேஜ் என்று மாறிக்கொண்டே போகும் அந்த விரிவு வேறெங்கும் கிடையாது. அதற்காகத்தான் எப்காட்.

குடிக்கும் கணக்கு

இரண்டு மாநிலத்திலும் வயது 21 நிறைந்திருக்க வேண்டும். பிறந்த தேதியும் படமும் உள்ள அசல் அடையாள அட்டை வேண்டும். கைபேசியில் உள்ள படத்தையோ நகலையோ ஏற்கமாட்டார்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்திருப்பவர்கள் பாஸ்போர்ட்டையே கொண்டுபோக வேண்டும். நரைத்த தலையாக இருந்தாலும் கேட்பார்கள்.

எப்காட்டில் பீரை 6 அவுன்ஸ், 12 அவுன்ஸ் என இரண்டு அளவில் தருவார்கள். பதினோரு நாட்டிலும் ஒவ்வொன்று குடிப்பது என்று ஒரு பந்தயம் நண்பர் கூட்டங்களில் வெகு பிரபலம். அதன் கணக்கு இது: 5 சதவீத பீர் 12 அவுன்ஸில் (355 மில்லி) சுமார் 14 கிராம் ஆல்கஹால். பதினொன்றும் 12 அவுன்ஸாக எடுத்தால் 154 கிராம். உடல் மணிக்கு ஏறக்குறைய ஒரு பீர் அளவைத்தான் கரைக்கும். எட்டு மணி நேரத்தில் அது கரையாது. வெயிலும் சேர்ந்தால் ஆறாவது நாட்டில் ஒருவர் நடைபாதையில் உட்கார்ந்துவிடுவார். எல்லாம் 6 அவுன்ஸாக எடுத்தாலோ, 12 அவுன்ஸை இருவர் பகிர்ந்தாலோ ஆளுக்கு 77 கிராம். ஐந்தரை பீர், நாள் முழுக்கப் பரவியது. அதுவும் பழக்கமுள்ளவர்களுக்கு மட்டுமே. பிரான்சின் ஐஸ் காக்டெய்லும் மெக்சிகோவின் மார்கரிட்டாவும் இந்தக் கணக்கில் அடங்காதவை. இனிப்பும் குளிர்ச்சியும் ஆல்கஹாலை மறைப்பதால் தாகத்துக்கு மடமடவென்று இறங்கிவிடும். அவற்றை இருவருக்கு ஒன்றாக வாங்குங்கள்.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். இரண்டு பார்க்கிலும் கவுண்டர் உணவகங்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசம். ஒவ்வொரு மதுக்கோப்பைக்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் உடல் அவ்வளவாக வறளாது.

ஒயினை மட்டும் நிதானமாக உட்கார்ந்து ருசிக்க நினைப்பவர்களுக்குக் கலிபோர்னியாதான். ஒயின் விளையும் மாநிலம், நிழல், இதமான காற்று. எப்காட்டில் சிறு பிளாஸ்டிக் கோப்பையை ஏந்தி நடந்துகொண்டே குடிக்கும் வேகம் ஒயினுக்குப் பொருந்துவதில்லை; பீருக்குப் பொருந்துகிறது.

சைவர்களுக்கு

டிஸ்னி பட்டியல்களில் இலைக் குறி போட்டிருந்தால் இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராதது. இலைக் குறி இல்லாத சைவத் தோற்றமுள்ளவற்றில்தான் கவனம் தேவை: சூப்பின் அடிநீர் கோழியோ மாடோ ஆக இருக்கலாம், கனடாவின் சீஸ் சூப்பில் பன்றி இறைச்சி உண்டு, சில இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். கடையில் கேட்டால் சேர்மானப் பட்டியலை எடுத்துக் காட்டுவார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்களைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம்.

எப்காட்டில் சைவர் பிழைக்கலாம். பல ஆண்டுகளில் இந்தியக் கடை இருந்திருக்கிறது. சமோசாவும், சில ஆண்டுகளில் ‘மெட்ராஸ் ரெட் கரி’ என்று காலிஃபிளவரும் கொண்டைக்கடலையும் பாஸ்மதி சோறும் சேர்ந்த ஒரு தட்டும் போட்டார்கள். நம் வீட்டுக் குழம்பின் ருசி இருக்காது, ஆனால் பசி தாங்கும். இரண்டு பார்க்கிலும் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரம்தான் கூடாது. ஒரு டப்பா தயிர்சாதம் பிற்பகல் மூன்று மணிக்குப் பெரிய உதவி. கூடவே நாலைந்து முள்கரண்டிகளும் ஈரத்துணியும் எடுத்துப் போனால் பகிர்வது சுலபம்.

மற்ற மூன்று

ஆர்லாண்டோவின் சீவேர்ல்டும் ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில் இருக்கும் டாம்பாவின் புஷ் கார்டன்ஸும் ஒரே நிறுவனத்துடையவை. இரண்டிலும் வசந்தகாலத்தில், பெரும்பாலும் வார இறுதியை ஒட்டிய நாள்களில், உணவுத் திருவிழா நடக்கும். தேதியைப் பார்க்காமல் செவ்வாய்க்கிழமை போய் நின்றால் ஏமாற்றம்தான். இங்கே கழுத்தட்டை முறை; எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் அட்டையில் ஒரு துளை என்று கணக்கு. ஒரு துளைக்கு உணவும் எடுக்கலாம், பீர், ஒயின், காக்டெய்லும் எடுக்கலாம். அதனால் குடிக்கும் கூட்டத்துக்குக் காசு மிச்சமாவது இங்கேதான்: துளைகளை விலை கூடிய காக்டெய்லுக்கும் கடலுணவுக்கும் செலவழித்து, மலிவானதைக் காசுக்கு வாங்க வேண்டும். சமையல் டிஸ்னியின் தரத்துக்கு வராது. புஷ் கார்டன்ஸ் 1959-இல் பீர் ஆலையோடு ஒட்டிய தோட்டமாகத் தொடங்கிய இடம். இன்று அதன் பெயர் ரோலர்கோஸ்டர்களால். ‘அயர்ன் குவாசி’ 206 அடி உயரம், மணிக்கு 76 மைல் வேகம். காலை முழுக்க ரைடு, மூன்று மணிக்குமேல் சாப்பாடு என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

மூன்றாவது நாட்ஸ் பெரி ஃபார்ம். அனஹைமிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி, பியூனா பார்க்கில். பாய்சன்பெரி என்ற பழத்தை 1930-களில் அழிவிலிருந்து காப்பாற்றி வளர்த்தவர் வால்டர் நாட். அந்தப் பழத்தோட்டம் வளர்ந்துதான் பார்க் ஆனது. வசந்தகாலத்தில் நடக்கும் திருவிழாவில் கோழி இறக்கை, பீட்சா, பீர் என எல்லாவற்றிலும் அந்தப் பழம் இருக்கும். முன்கூட்டியே காசு கட்டி, தட்டுக்குத் தட்டு கழித்துக்கொள்ளும் ருசி அட்டை ஒன்றை இருவர் பகிர்ந்தால் போதும், நாலாவது தட்டிலேயே இனிப்பு திகட்டிவிடும். காரமும் உப்புமானவற்றை முதலில் முடித்து, பழக்கூழ் இனிப்பைக் கடைசிக்கு வையுங்கள். நுழைவுக் கட்டணம் டிஸ்னியைவிட வெகு குறைவு.

பல ஆண்டுகளில் இதன் தேதிகளும் கலிபோர்னியா அட்வெஞ்சரின் தேதிகளும் ஏப்ரலில் சில வாரங்கள் சேர்ந்து வருகின்றன. அந்த வாரங்களில் அனஹைமில் மூன்று இரவு அறை எடுத்தால், செவ்வாயும் புதனும் ஒரே கூப்பன் பாஸோடு கலிபோர்னியா அட்வெஞ்சர், வியாழன் மதியம் நாட்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். கார் தேவைப்படுவது அந்த வியாழனுக்கு மட்டும்தான்; அதற்கும் வாடகை வண்டி பிடித்துக்கொண்டால் பீர் குடிக்காமல் ஓட்ட ஒருவரைத் தேட வேண்டியதில்லை.